புகையைப் புதைத்தலும் சட்டமும்

சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டிக்குச் செல்லும் இருப்புப்பாதையில் அத்திப்பட்டு என்னும் ஊர் உள்ளது. அங்கே 1994ஆம் ஆண்டு முதல் வட சென்னை அனல் மின் நிலையம் இயங்கி வருகிறது. அருகில் வல்லூரில் மற்றொரு நிலையமும் உண்டு. நிலக்கரி எரிந்தபின் இருபொருள்கள் எஞ்சுகின்றன: ஒன்று சாம்பல், மற்றொன்று கரியமில வாயு.

சாம்பல் கண்ணுக்குத் தெரியும். கொசத்தலை ஆற்றின் கழிமுகத்தில் படிந்து மீனவரின் பிழைப்பைக் கெடுத்ததும் அதுவே. ஆதலின் அதற்குச் சட்டம் பிறந்தது. சாம்பல் முழுவதையும் செங்கல், சிமெண்டு, சாலை முதலியவற்றிற்குப் பயன்படுத்த வேண்டும் என்றும், தவறினால் டன்னுக்கு 1000 ரூபாய் ஈடு செலுத்த வேண்டும் என்றும் 2021ஆம் ஆண்டு அறிவிக்கை கூறுகிறது.

வாயுவோ கண்ணுக்குப் புலனாகாது. ஆயினும் எடையில் சிறிதன்று. 12 பங்கு கரி எரிந்தால் 44 பங்கு வாயு உண்டாகும். காற்றிலுள்ள பிராணவாயு அதனுடன் கூடுவதே காரணம். அது வானிற் சேர்ந்து உலகை வெப்பமாக்குகிறது.

இதனைப் பிடிக்க வழி உண்டு. அதற்குரிய கரைசலினூடே புகையைச் செலுத்தினால் வாயு அதிற் கரையும். கரைசலைச் சூடேற்றினால் தனியே பிரியும். தூத்துக்குடியில் ஓர் ஆலை 2016 முதல் இவ்வாறு ஆண்டுக்கு ஏறத்தாழ 60,000 டன் பிடித்துச் சலவைச் சோடா செய்ய முற்பட்டது. எனினும் மின் நிலையங்களின் புகை முழுவதற்கும் சோடா செய்தல் இயலுமோ? எஞ்சியதை ஆழ்ந்த பாறை அடுக்குகளிலேதான் புதைத்தல் வேண்டும். நார்வே நாட்டினர் 1991இல் இவ்வாயுவுக்கு வரி விதித்தனர்; வரிக்கு அஞ்சிய எண்ணெய் நிறுவனம் 1996 முதல் அதனைக் கடலடியில் புதைத்து வருகிறது.

புதைத்தபின் காவல் யார்? அதுவே சட்டத்தின் அரிய வினா. நிறுவனங்கள் சில தலைமுறைகளில் மறையும்; வாயுவோ பல நூற்றாண்டுகள் அடியிலேயே இருத்தல் வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2009இல் வகுத்த விதிப்படி, கிணற்றை மூடியபின் பொதுவாக 20 ஆண்டுகளேனும் நிறுவனமே பொறுப்பு. அதன்பின் அரசு ஏற்கும். காவற் செலவுக்கும் நிறுவனம் முன்னரே பணம் தரல் வேண்டும்.

நம் நாட்டில் நிதி ஆயோக் 2022இல் ஒரு கொள்கை அறிக்கை வெளியிட்டது. தனிச் சட்டம் இன்னும் இயற்றப்படவில்லை. எண்ணூர்க் கடலடி நிலம் அரசியலமைப்பின் 297ஆம் பிரிவின்படி ஒன்றியத்திற்கு உரியது. கரையிலுள்ள ஒருவரின் வயலுக்கு ஆயிரம் மீட்டர் கீழே புதைக்க விரும்பினால், யாருடைய இசைவைப் பெறுவது, வாயு கசிந்தால் அவருக்கு ஈடு அளிப்பவர் யார் என்பனவற்றை வரையறுக்கும் விதி எதுவும் இல்லை.