மாரிகுப்பத்துக் கேட்டுகள்

கோலார் தங்கவயலுக்கு மின்சாரம் வந்தது 1902-ல். காவிரியின் சிவசமுத்திர அருவியில் எடுத்த மின்சாரம் ஏறத்தாழ 147 கிலோமீட்டர் கம்பியில் ஓடிவந்து சுரங்க எந்திரங்களைச் சுழற்றியது. பெங்களூரின் தெருவிளக்கே அதற்கு மூன்று வருஷம் கழித்து, 1905-ல்தான் எரிந்தது. ஆனால் அந்த மின்சாரம் வயலுக்குள்ளேயே இருக்கும் மாரிகுப்பத்து லைன் வீட்டுக் கேட்டின் கீலைத் தொடுவதற்கு மேற்கொண்டு நூறு வருஷம் போலப் பிடித்தது. இன்று நாலைந்து கிலோ எடையுள்ள இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷினைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒருவர் மொபெட்டில் வந்து இறங்குகிறார். வீட்டுப் பிளக்கிலேயே வயரைச் செருகிப் பற்றவைத்துவிட்டு, டீ குடித்துவிட்டுப் போய்விடுகிறார். அன்றைக்குச் சுரங்கத்துக்கு வந்த மின்சாரம் சுரங்கத்துக்குத்தான். லைன்காரர்களுக்குச் சிம்னி விளக்கு.

வெளியூர்க்காரர்களுக்காக ஒரு வார்த்தை: லைன் என்றால் சுரங்கக் கம்பெனி தன் தொழிலாளர்களுக்குக் கட்டிய வரிசை வீடுகள். 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி இங்கே கால் வைத்த பிறகு வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பக்கங்களிலிருந்து ஆட்கள் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். முதலில் அவர்களுக்குக் கிடைத்தது மூங்கில் தட்டி வீடு. தட்டி வீட்டுக்கு ஏது கேட்டு? பின்னால் சுவரும் கூரையும் கொஞ்சம் கெட்டிப்பட்ட பிறகு, வாசலுக்கு முன்னால் ஒரு கையகல இடத்தை வளைத்துப் பழைய தகரம், கம்பி, தட்டையாக்கிய டிரம் என்று கையில் அகப்பட்டதைக் கொண்டு வேலி போட்டார்கள். ஆடு மாடு நுழையாமல் இருக்க வேண்டும், கோழி வெளியே போகாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான் தேவை. அந்த வேலிக்கு ஒரு கேட்டு. கேட்டுக்கு இரண்டு கீல்.

பழைய கீலின் அமைப்பு சாதாரணமானது. கம்பத்தில் மேல்நோக்கி நிற்கும் ஒரு முளை. கேட்டோடு ரிவிட் அடித்த பட்டையின் நுனியை வளைத்துச் செய்த ஒரு காது. காதை முளையில் மாட்டினால் கேட்டு நிற்கும், தூக்கினால் கையோடு வந்துவிடும். நாள்பட நாள்பட வட்டமாக இருந்த காது தேய்ந்து முட்டை வடிவமாகும், கேட்டு தொங்கி மண்ணைக் கீறும். அதற்கு வைத்தியம் கரியடுப்பில்தான். கேட்டைக் கழற்றி, காதைப் பழுக்கக் காய்ச்சி, முளையின் கனத்துக்கு ஒரு கம்பியை உள்ளே விட்டுச் சுற்றிலும் தட்டி இறுக்குவார்கள். ரிவிட் ஆடினால் பழையதை வெட்டி எடுத்துப் புதியதை அடிப்பார்கள். கடைக்குப் போக வேண்டிய வேலை ஒன்றுமில்லை.

ஆளுக்கும் பஞ்சமில்லை. லைனுக்கு லைன் பிட்டர், கொல்லர், கொல்லருக்குச் சம்மட்டி அடிப்பவர் என்று இருந்தார்கள். சாம்பியன் ரீப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்துக்கு இறங்கியது. அத்தனை ஆழத்துக்கு ஆட்களை ஏற்றி இறக்கிய கேஜின் முளையையும் கொக்கியையும் கம்பிவடத்தையும் பார்த்துப் பழகிய கைகளுக்குக் கேட்டு கீல் ஒரு வேலையே அல்ல. ஒரு முளை தேய்ந்தால் என்ன ஆகும் என்பது அவர்களுக்கு உயிர்ப்பிரச்சினையாகத் தெரிந்த விஷயம்.

இல்லாதது இரும்பு. வீடும் கம்பெனியுடையது, கம்பமும் கம்பெனியுடையது, பட்டறையில் கிடக்கும் துண்டு இரும்பும் கம்பெனியுடையது. தங்கத்துக்குப் பயந்த கம்பெனி வெளியேறும் ஆட்களைச் சுரங்கக் கேட்டில் சோதித்துத்தான் அனுப்பியது. மடியில் தங்கத்தைத் தேடும் கண்ணுக்கு ஒரு போல்ட்டு தப்புமா? அந்தக் கண்காணிப்பு ஏற ஏற, தொழிலாளர்கள் எல்லோரும் கைரேகை வைத்துப் பதிந்துகொள்ள வேண்டும் என்று உத்தரவு வந்தபோதுதான் 1930-ல் வயல் முழுவதும் வேலைநிறுத்தத்தில் இறங்கியது. மூன்று வாரம் போலச் சுரங்கம் நின்றது. கைரேகைத் திட்டத்தைக் கம்பெனி கைவிட வேண்டியதாயிற்று. தங்கவயலில் கேட்டு என்று சொன்னால் பெரியவர்களுக்கு வீட்டுக் கேட்டுக்கு முன்னால் அந்தச் சோதனைக் கேட்டுதான் நினைவுக்கு வரும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்த ஊரில் கீல் தளர்வதற்கு மற்ற ஊர்களில் அதிகம் காணாத ஒரு காரணம் உண்டு. ஆழத்தில் பாறை அழுத்தம் தாங்காமல் வெடிக்கும் ராக் பர்ஸ்ட். மேலே பூமி குலுங்கும், பாத்திரம் உருளும், சுவர் விரியும். கீழே யார் மாட்டிக்கொண்டார்களோ என்று பெண்கள் சாப்டை நோக்கி ஓடுவார்கள். அப்படிப்பட்ட நாளில் வேலிக் கம்பம் ஆடிப்போனதை யார் கவனிக்கப் போகிறார்கள்? ஆனால் அதுவும் ஆடித்தான் போயிருக்கும். பாறையின் இத்தகைய போக்குகளை ஆராய 1988-ல் தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனத்தை இங்கே வைத்தார்கள். சுரங்கம் மூடி உள்ளே தண்ணீர் நிரம்பத் தொடங்கிய பிறகும் அதிர்வு ஓயவில்லை.

2001 பிப்ரவரி 28-ல், வயலைப் பின்னால் நடத்திவந்த பாரத் தங்கச் சுரங்கம் மூடப்பட்டது. அதற்குப் பிறகு கணக்கு அப்படியே புரண்டது. இரும்புக்குக் குறைவில்லை: ராபர்ட்சன்பேட்டைக் கடைகளில் ஆங்கிள், தகடு, கீல், பிரைமர் எல்லாம் காசு கொடுத்தால் கிடைக்கிறது. கைகள்தான் இல்லை. 1894-ல் தங்க வயலுக்காகப் போட்ட ரயில் பாதை மாரிகுப்பத்தில் வந்து முடிகிறது. அங்கிருந்து விடியுமுன் கிளம்பும் ரயில்களில் ஆயிரக்கணக்கானவர்கள் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தள்ளியுள்ள பெங்களூருக்கு வேலைக்குப் போய்விடுகிறார்கள். பிட்டரின் பேரன் நல்ல வெல்டர்தான். பெங்களூரில் யாரோ ஒருவருடைய பங்களாவுக்குப் பத்தடி கேட்டு செய்துகொண்டிருக்கிறான். அவன் பாட்டி வீட்டுக் கேட்டு பைண்டிங் கம்பியில் தொங்குகிறது, ஞாயிற்றுக்கிழமை வரை.

அப்படியொரு ஞாயிற்றுக்கிழமை, பழைய மைசூர் மைன் பக்கத்து லைன் ஒன்றில் நின்று பார்த்தேன். நாலடி அகலக் கேட்டு. மேல் கீலின் பற்று விட்டிருந்தது. பெங்களூரிலிருந்து வந்திருந்த வெல்டர் பையன் கிரைண்டரை எடுத்தான். பக்கத்து வீட்டுப் பெரியவர் சும்மா இருப்பாரா?

"இன்னா தம்பி, கீலயே பாத்துகினு கீற? கம்பத்தப் பாத்தியா?"

"கம்பம் ஸ்ட்ராங்காத்தான் கீது மாமா."

"எங்க கீது? ஆட்டிப் பாரு."

ஆட்டினான். தரையோடு ஒட்டிய இடத்தில் குழாய் துருவேறி அப்பளமாகியிருந்தது. பெரியவர் சொன்னதுதான் சரி. கீல் தளர்ந்ததாக நினைக்கும் பாதிக் கேட்டுகளில் தளர்ந்தது கம்பம். மீதிப் பாதியில் மேல் கீல். அதற்கும் கணக்கு உண்டு. நாற்பது கிலோ எடை, நாலடி அகலம், கீல்களுக்கு இடையே மூன்றடி என்றால், மேல் கீலைக் கம்பத்திலிருந்து பிடுங்கும் இழுப்பு மட்டும் ஏறத்தாழ 27 கிலோ. கீழ்க் கீலை அதே அளவு கம்பத்தோடு அழுத்தும். ஆகவே பிய்வது எப்போதும் மேலே. கீல்களை இன்னும் தள்ளி வைத்தால் இழுப்பு குறையும். குழந்தைகள் தொற்றிக்கொண்டு ஊஞ்சலாடினால் எந்தக் கணக்கும் நிற்காது.

கம்பத்தின் அடிக்குச் சுற்றிலும் ஆங்கிள் வைத்துக் கட்டி, காங்கிரீட் போட்டு, மறு ஞாயிறுதான் கீலுக்கு வந்தார்கள். கேட்டின் திறக்கும் முனைக்கு அடியில் கடப்பாரை கொடுத்துத் தூக்கி, செங்கல்லும் மர ஆப்பும் வைத்து மட்டம் பார்த்தான். இதைச் செய்யாமல் தொங்கும் நிலையிலேயே பற்றவைப்பவர்கள் இருக்கிறார்கள். அது தொங்கலை நிரந்தரமாக்கும் வேலை. பழைய பற்றைக் கிரைண்டரால் இழைத்து, இரும்பு பளிச்சிட்ட பிறகு இரண்டு பொட்டு மட்டும் வைத்தான். பெரியவர் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, மேல் முளையும் கீழ் முளையும் ஒரே நேரில் நிற்கின்றனவா என்று ஒற்றைக் கண்ணால் பார்த்தார். நேர் தப்பினால் கேட்டு தானாகத் திறக்கும், அல்லது தானாக மூடும். ஆட்டிப் பார்த்துத் திருப்தியான பிறகே முழுப் பற்று.

கடையில் வாங்கும் கீல் இப்போது உருளையாக இரண்டு துண்டு, ஒன்றில் முளை, மற்றதில் துளை. கீழ்க் கீலில் முளையை மேல்நோக்கியும் மேல் கீலில் கீழ்நோக்கியும் வைத்துப் பற்றவைத்தான் பையன். அப்படிச் செய்தால் கேட்டைத் தூக்கிக் கழற்ற முடியாது. பழைய முளைக்கும் காதுக்கும் திருட்டுப் பயம் இருந்ததில்லை. மூடிக் கிடக்கும் சுரங்கத்துக்குள் திருடப் போய் உயிரை விட்டவர்கள்கூட இருக்கும் ஊரில், இரும்புக்குக் கிலோ விலை என்னவென்று எல்லோருக்கும் தெரியும்.

செலவு செய்யத் தயங்குகிறவர்களும் உண்டு, காரணத்தோடுதான். வீட்டைத் தங்கள் பெயருக்கு எழுதிக்கொடுங்கள் என்று கேட்டுக் கேட்டு அலுத்த முன்னாள் தொழிலாளர் குடும்பங்கள் இங்கே ஏராளம். யாருடையது என்று தெரியாத மண்ணில் காங்கிரீட் கொட்டுவதா, கம்பி சுற்றி ஓட்டுவதா?

கடைசியில் சண்டை வந்தது எண்ணெயில். பையன் கிரீஸை அப்பப் போனான், பெரியவர் கையைப் பிடித்துக்கொண்டார். லைன்களுக்கு எதிரே நிற்பது சைனைடு மேடு, பொன் எடுத்த பின் கொட்டிய கல்மாவு. இப்படிப்பட்ட 13 மேடுகளில் 3 கோடி டன்னுக்கு மேல் கிடக்கிறது. அவற்றைத் திரும்ப அரித்துத் தங்கம் எடுக்கலாம் என்று 2024-ல் கர்நாடக அமைச்சரவை ஒப்புதலும் கொடுத்தது. ஆடிக் காற்றில் அந்த மாவு பறந்து வந்து கிரீஸில் ஒட்டினால், கீலை அரைக்கும் சாணைச் சாந்துதான் அது.

"மெஷின் எண்ணெ ரெண்டு சொட்டு போதும். மிச்சத்தத் தொடச்சிடு."

"வாரா வாரம் யார் வந்து ஊத்தறது மாமா? நானு பெங்களூர்ல கீறன்."

"நீ போய்க்கினே இரு. நான் ஊத்தறன்."