சிறுவாணி ஜலமும் நமது கடமையும்

கோயமுத்தூர்வாசிகளை நோக்கி, "உங்கள் ஊரின் சிறப்பு யாது?" என்று வினவினால், பஞ்சாலைகளைச் சொல்லுமுன் சிறுவாணி ஜலத்தின் ருசியைச் சொல்வார்கள். அப்பெருமை நியாயமானதே. ஆயினும், அந்த ஜலம் எவ்விதம் வந்தது, இனி எவ்விதம் நிலைக்கும் என்று அவர்களில் எத்தனை பேர் யோசித்திருக்கிறார்கள்?

1889-ம் வருஷத்திலேயே, மேற்கு மலைக் காட்டு ஜலத்தை நகருக்குக் கொண்டுவர வேண்டுமென்று வாதாடியவர் எஸ்.பி. நரசிம்மலு நாயுடு. அவர் பத்திரிகாசிரியர், 1885-ல் பம்பாயில் கூடிய முதல் காங்கிரஸ் மகாசபைக்குச் சென்றவர். தேச சேவையும் ஊருக்குக் குடிஜலம் தேடுவதும் அவருக்கு வெவ்வேறு காரியங்களல்ல. 1922-ல் அவர் காலமான பின்னரே அந்த ஜலம் ஊர் வந்து சேர்ந்தது. அவர் வாதாடியதன் பலனைப் பிறரே பருகினர்.

நகரம் பெருகவே, பெரிய அணை அவசியமாயிற்று. அதற்குரிய இடமோ கேரளத்தின் பாலக்காடு ஜில்லாவில் இருந்தது. 1973-ல் இரு ராஜ்யங்களும் 99 வருஷங்களுக்கு ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. அதன்படி தமிழ்நாட்டுக்கு உரியது வருஷத்துக்கு 130 கோடி கன அடி. 1980-களில் அணை முடிந்தது. மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியாக ஜலம் இப்புறம் இறங்குகிறது.

அணையில் ஏறக்குறைய 50 அடி உயரம் ஜலம் தேக்கலாம். அண்மை வருஷங்களில், அணையின் பாதுகாப்பைக் காரணம் காட்டி, கேரள அதிகாரிகள் 45 அடி அளவோடு நிறுத்தியிருக்கிறார்கள். கோடையில் இந்த ஐந்தடியின் அருமை தெரிகிறது. பயத்துக்கு ஆதாரம் உண்டா இல்லையா என்பதை இரு தரத்து இன்ஜினீயர்களும் ஒருங்கே சோதித்து முடிவு செய்யட்டும். அணை பழுதானால் பழுது பார்க்க வேண்டும். பழுதில்லையேல் உரிய ஜலத்தைத் தேக்க வேண்டும். இதில் கோபத்துக்கு இடமில்லை.

ஆனால் உடன்படிக்கையை மட்டும் நம்பியிருப்பதும் பேதைமை. பத்திரத்தில் ஜலத்தின் அளவை எழுதலாம். மழையை எழுதி வாங்க முடியாது. அந்த மழையைப் பிடித்து வைத்து மெல்ல மெல்ல விடுவது சிறுவாணிக் காடு. அது அயலார் எல்லையில் இருப்பதால் நமக்கென்ன என்று இருந்துவிடலாகாது. பில்லூரிலிருந்து பவானி ஜலமும் நகருக்கு வருகிறது என்று ஆறுதல் கொள்வதற்குமில்லை. சிறுவாணியும் பவானியில் கலக்கும் ஆறே.

ஆகவே நகரத்தார் செய்ய வேண்டியவை இரண்டு: குழாயில் வரும் ஜலத்தை வீணாக்காதிருத்தல், காட்டைக் காக்கக் கேரளத்தாரோடு கைகோத்தல். நரசிம்மலு நாயுடுவுக்கு அதனினும் சிறந்த ஞாபகச் சின்னம் வேறில்லை.