அமைச்சர் ட்வீட் போட்டுவிட்டார், நாம் என்ன செய்வது?

நோய் பரவும் நேரத்தில் ஆட்சியில் இருப்பவர்கள் ஏன் சமூக ஊடகத்தில் பேசுகிறார்கள்? முதல் காரணம் வேகம். தமிழகத்தின் முதல் கொரோனா தொற்றை 2020 மார்ச் 7 அன்று அப்போதைய சுகாதார அமைச்சர் விஜயபாஸ்கர் ட்விட்டரில் (இப்போது எக்ஸ்) அறிவித்தார்.

பயத்தைத் தணிக்கவும் சமூக ஊடகம் உதவும். நியூசிலாந்தில் ஊரடங்கு தொடங்கவிருந்த இரவு, அப்போதைய பிரதமர் ஜெசிந்தா ஆர்டர்ன் குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு, வீட்டு உடையிலேயே ஃபேஸ்புக் நேரலைக்கு வந்து மக்களின் கேள்விகளுக்குப் பதில் சொன்னார்.

சரி, தலைவர் சொன்னதை மட்டும் கேட்டால் போதுமா? போதாது. 2020 மார்ச் 24 இரவு 8 மணிக்குப் பிரதமர் மோடி ஊரடங்கை அறிவித்ததும் மக்கள் கடைகளுக்கு ஓடினார்கள். பதற வேண்டாம், அத்தியாவசியப் பொருள் கிடைக்கும் என்று அவரே பிறகு ட்வீட் செய்ய வேண்டியிருந்தது. ரேஷன், மளிகை, காய்கறி, பால் கடைகளுக்குத் தடையில்லை என்பது அன்றைய உள்துறை அமைச்சக வழிகாட்டுதலிலேயே இருந்தது. உரையிலேயே அதை அழுத்திச் சொல்லியிருக்கலாம்! ஆகவே எது திறந்திருக்கும், யார் வெளியே போகலாம் என்பதற்கெல்லாம் அரசாணையை (அரசு எழுத்தில் பிறப்பிக்கும் உத்தரவு) பாருங்கள்.

மருந்தைப் பற்றிப் பதிவிட்டால்? அங்கேதான் அதிகக் கவனம் வேண்டும். ஹைட்ராக்சிகுளோரோகுயின் மாத்திரையை அசித்ரோமைசின் என்ற மருந்தோடு சேர்த்து அமெரிக்க அதிபர் டிரம்ப் 2020 மார்ச்சில் ட்விட்டரில் வானளாவப் புகழ்ந்தார். கொரோனாவுக்கு ஹைட்ராக்சிகுளோரோகுயினைத் தர அளித்திருந்த அவசர அனுமதியை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஜூன் 15 அன்று திரும்பப் பெற்றது. இடைப்பட்ட காலத்தில் அந்த மாத்திரையை நம்பியிருந்த லூப்பஸ் (எதிர்ப்பாற்றல் நம் உடலையே தாக்கும் நோய்) நோயாளிகள் அது கிடைக்காமல் அலைந்தார்கள். எத்தனை பெரிய பதவியில் இருப்பவர் சொன்னாலும், மாத்திரை வாங்கும் முன் மருத்துவரைக் கேளுங்கள்.

பதிவு உண்மையானதுதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? வாட்ஸ்அப்பில் வரும் ஸ்கிரீன்ஷாட்டை நம்பாதீர்கள். அந்தக் கணக்குக்கே போய்ப் பாருங்கள். எக்ஸில் நீலக் குறியைக் காசு கட்டியும் வாங்கலாம். அரசுக் கணக்குகளுக்குச் சாம்பல் நிறக் குறி. தேதியையும் பாருங்கள், பழைய ஊரடங்குச் செய்திகள் அடிக்கடி உயிர்த்தெழும்.

உங்கள் வீட்டில் ஒருவருக்கு மூச்சுத் திணறினால், அமைச்சரின் பதிவுக்குக் கீழே எழுதிவிட்டுக் காத்திருக்காதீர்கள். தமிழ்நாட்டில் மருத்துவ ஆலோசனைக்கு 104, ஆம்புலன்சுக்கு 108.