எந்தக் காட்சி, எந்தச் சட்டப்பிரிவு?

சாதி அடிப்படையிலான இட ஒதுக்கீட்டைச் சாடிய படம் ‘ஒரே ஒரு கிராமத்திலே’. அதன் கருத்தில் எனக்கு உடன்பாடு கிடையாது. ஆனால் அதற்குக் கிடைத்த தீர்ப்பைப் படம் எடுக்கும் ஒவ்வொருவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். ‘யு’ சான்றிதழ் வாங்கிய படம் அது. வழக்குப் போட்டார்கள், சென்னை உயர் நீதிமன்றம் சான்றிதழை ரத்து செய்தது. படம் ஓடினால் கலவரம் வரும் என்று தமிழக அரசும் வாதாடியது. 1989இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. வன்முறை வெடிக்கும் என்ற மிரட்டலுக்குப் பணிந்து பேச்சை அடக்க முடியாது, பாதுகாப்புக் கொடுப்பது அரசின் கடமை என்று சொல்லிவிட்டது.

1952ஆம் ஆண்டு ஒளிப்பதிவுச் சட்டத்தின் 5பி பிரிவு, ஒரு படத்தை எதற்காகத் தடுக்கலாம் என்று வரையறுக்கிறது: நாட்டின் இறையாண்மை, ஒருமைப்பாடு, பாதுகாப்பு, அயல்நாட்டு நட்புறவு, பொது ஒழுங்கு, கண்ணியம், ஒழுக்கம், அவதூறு, நீதிமன்ற அவமதிப்பு, குற்றத்துக்குத் தூண்டுதல். சிக்கல், சான்றிதழ் வழங்குவதற்கான 1991ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகளில் இருக்கிறது. ‘தேச விரோத மனப்பான்மை’ என்றொரு தொளதொளத்த சொல்லை அதில் சேர்த்துவைத்திருக்கிறார்கள். அதற்குள் எதை வேண்டுமானாலும் திணிக்கலாம். அதே நெறிகள், படத்தை முழுமையாகப் பார்த்தே எடைபோட வேண்டும் என்றும் சொல்கின்றன. தயாரிப்பாளர்கள் இதை எடுத்துக்காட்டுவதே இல்லை.

காட்டாமல் போவதற்குக் காரணம் ரிலீஸ் தேதி. தியேட்டர் பேசி, போஸ்டர் ஒட்டி, வட்டி ஏறிக்கொண்டிருக்கும்போது “இந்த வசனத்தை மட்டும் மியூட் பண்ணிடுங்க” என்று தணிக்கைக் குழு சொன்னால் தலையாட்டிவிடுகிறார்கள். வாய்மொழியாக ஒப்புக்கொள்ளாதீர்கள். எந்தக் காட்சி, எந்தக் காரணம் என்று எழுத்தில் கேளுங்கள். முதல் குழு மறுத்தால் மறுஆய்வுக் குழு இருக்கிறது. அதற்கு மேல் முன்பு தீர்ப்பாயம் இருந்தது. 2021இல் அதைக் கலைத்துவிட்டார்கள். இப்போது நேராக உயர் நீதிமன்றம்தான். உத்தரவு தேதியிலிருந்து 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். சிறு தயாரிப்பாளருக்கு இது செலவு, அலைச்சல் இரண்டுமே.

ஒரு எச்சரிக்கை: வெட்டிய காட்சியைச் சான்றிதழ் வாங்கிய பிறகு மறுபடி ஒட்டித் திரையிட்டால் 3 ஆண்டு வரை சிறை, அபராதம், அல்லது இரண்டும்.

சான்றிதழ் கையில் இருந்தாலும் நிம்மதி இல்லை. 2013இல் ‘விஸ்வரூபம்’ படத்தை மாவட்ட ஆட்சியர்கள் 144 தடை உத்தரவால் நிறுத்தினார்கள். தனி நீதிபதி தடையை நீக்கினார். மறுநாளே இரு நீதிபதிகள் அமர்வு தடையைத் திரும்பக் கொண்டுவந்தது. கடைசியில், படத்தை எதிர்த்த முஸ்லிம் அமைப்புகளுடன் பேசி, சில இடங்களில் ஒலியை நீக்கிய பிறகே தமிழ்நாட்டில் படம் வந்தது. 1989 தீர்ப்பு அப்போதும் உயிரோடுதான் இருந்தது!

ஓடிடிக்கு முன்கூட்டிய சான்றிதழ் தேவையில்லை. ஆனால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 69ஏ பிரிவின் கீழ் மத்திய அரசு முடக்கலாம். அந்த உத்தரவுகளை ரகசியமாக வைக்கவும் விதி இருக்கிறது. படைப்பு காணாமல் போனால், காரணத்தைக் கேட்டு அரசியலமைப்பின் 226ஆவது பிரிவின் கீழ் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம்.