உங்களுக்குத் தெரியுமா?

குவாண்டம் தகவலியலுக்கு வித்திட்ட கட்டுரை, எழுதி முடித்தபின் 10 ஆண்டுகளுக்கும் மேலாக அச்சேறவே இல்லை!

எழுதியவர் ஸ்டீபன் வீஸ்னர். 1960களின் இறுதியில் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவர். அவர் அனுப்பிய கட்டுரையை ஆய்விதழ் திருப்பி அனுப்பிவிட்டது. 1983-ல்தான் அது வெளிவந்தது.

• கள்ளநோட்டே அடிக்க முடியாத பணம்: அந்தக் கட்டுரை சொன்ன யோசனை இது. ஒவ்வொரு நோட்டிலும் சில ஒளித்துகள்கள் சிறைபட்டிருக்கும். அவை எந்தத் திசையில் அதிர்கின்றன என்பது வங்கிக்கு மட்டுமே தெரியும். ரகசியம் அறியாதவர் அளக்கப் போனால் அந்த நிலை கலைந்துவிடும். நகலெடுக்க வழியே இல்லை.

• நண்பர் காத்த கனல்: கல்லூரி நாள்களிலேயே வீஸ்னரை அறிந்த சார்லஸ் பென்னட், இந்தக் கருத்தை மறக்கவில்லை. ஜில் பிராசாருடன் சேர்ந்து, 1984-ல் இதிலிருந்தே குவாண்டம் ரகசியச் சாவி முறையை உருவாக்கினார்.

• ஒன்றில் இரண்டு: பிணைப்புற்ற துகள்கள் முன்பே பகிரப்பட்டிருந்தால், ஒரே ஒரு குவாண்டம் பிட்டை அனுப்பி இரண்டு பிட் தகவலைச் சேர்க்கலாம். வீஸ்னரும் பென்னட்டும் இதை 1992-ல் வெளியிட்டார்கள்.

• பேராசிரியர் நாற்காலி அல்ல, கட்டடப் பணி: வீஸ்னர் பின்னாளில் இஸ்ரேலில் குடியேறி, விரும்பியே கட்டடத் தொழிலாளியாக உழைத்தார். 2021-ல் ஜெருசலேமில் காலமானார். துறை மட்டும் அவர் போட்ட அடித்தளத்தின்மேல் இன்றும் எழும்பிக்கொண்டிருக்கிறது.