இரண்டாம் பகுதியில் தொடங்கிய அச்சு

ஜெர்மனியின் மாய்ன்ஸ் நகரில் 1467 மார்ச் 6 அன்று பீட்டர் ஷோஃபர் என்ற அச்சகர் ஒரு பெரிய லத்தீன் நூலை அச்சிட்டு முடித்தார். தாமஸ் அக்குவைனாஸின் ‘சும்மா தியோலஜிக்கா’ என்ற இறையியல் பெருநூலிலிருந்து எடுத்த ஒரு பிரிவு அது. நூலின் தொடக்கத்தை விட்டுவிட்டு, இரண்டாம் பகுதியின் இரண்டாம் பிரிவைத்தான் அவர் தேர்ந்தெடுத்திருந்தார்.

டொமினிக்கன் சபைத் துறவியான அக்குவைனாஸ், இந்நூலை 1265 வாக்கில் ரோமில் எழுதத் தொடங்கினார். பாரிஸிலும் நேப்பிள்ஸிலும் பணி தொடர்ந்தது. 1273 டிசம்பரில் எழுதுவதை நிறுத்திய அவர், அடுத்த மார்ச்சில் காலமானார். மூன்றாம் பகுதி முடியாமலே நின்றது. எழுதியவரை 512 வினாக்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் பல உட்கேள்விகள். முதலில் மறுதரப்பின் வாதங்களை வரிசையாக வைத்து, அவற்றுக்கு எதிராக ஒரு சான்றைக் காட்டி, தம் முடிவைச் சொல்லி, பிறகு மறுவாதங்களுக்கு ஒவ்வொன்றாக விடை தருவது அவர் முறை.

ஷோஃபர் எடுத்துக்கொண்ட பிரிவில் 189 வினாக்கள் உள்ளன. விசுவாசம், நம்பிக்கை, அன்பு ஆகியவற்றில் தொடங்கி விவேகம், நீதி, துணிவு, தன்னடக்கம் என்று அது விரிகிறது. கடவுளின் இயல்பைப் பற்றிய நுண்ணிய ஆய்வுகள் முதல் பகுதியைச் சேர்ந்தவை. இங்கே வருபவை அன்றாடச் சிக்கல்கள்: கடனுக்கு வட்டி வாங்கலாமா, பொருளை அதன் மதிப்பைவிடக் கூடுதல் விலைக்கு விற்கலாமா, பசியில் சாகக் கிடப்பவன் பிறர் பொருளை எடுத்தால் அது திருட்டா, எந்தப் போர் நியாயமானது. பாவசங்கீர்த்தனம் கேட்கும் குருக்களுக்கு இவைதாம் தேவைப்பட்டன. கையெழுத்துப் படிகளின் காலத்திலேயே இப்பிரிவு தனி நூலாகப் பரவலாகப் படியெடுக்கப்பட்டது. முதல் போட்டுத் தொழில் செய்பவர், வாங்க ஆள் இருக்கும் பகுதியை முதலில் எடுத்ததில் வியப்பில்லை.

ஷோஃபர் இளமையில் பாரிஸில் எழுத்தராக இருந்தவர். பிறகு மாய்ன்ஸில், அச்சுக்கலை முன்னோடி கூட்டன்பர்க்குக்குப் பணம் கொடுத்திருந்த யோஹான் ஃபுஸ்ட்டுடன் சேர்ந்தார். 1455-இல் கூட்டன்பர்க் மீது ஃபுஸ்ட் தொடுத்த வழக்கில் ஃபுஸ்ட் தரப்புச் சாட்சியாக நின்றார். பின்னாளில் ஃபுஸ்ட்டின் மகளையே மணந்தார். இருவரும் 1457-இல் அச்சிட்ட சங்கீதப் புத்தகம், அச்சிட்ட தேதியைத் தாங்கிய முதல் ஐரோப்பிய நூல்களில் ஒன்று. 1462-இல் மாய்ன்ஸ் சூறையாடப்பட்டபோது தொழில் முடங்கி, அச்சு வேலையாட்கள் பலர் வேறு நகரங்களுக்குச் சிதறினர். 1466-இல் ஃபுஸ்ட் இறந்தார். அதனால்தான் அக்குவைனாஸ் பதிப்பின் இறுதிக் குறிப்பில் ஷோஃபரின் பெயர் மட்டும் தனியாக நிற்கிறது. இந்நூல் இறகு எழுதுகோலால் எழுதப்படாமல், அச்சுக் கலையால் உருவானது என்றும் அக்குறிப்பு பெருமையோடு சொல்கிறது. எழுத்தராக வாழ்வைத் தொடங்கியவரின் கூற்று என்பதால் இதற்குச் சுவை கூடுகிறது.

அக்கால வழக்கப்படி இதில் தலைப்புப் பக்கமும் இல்லை, பக்க எண்ணும் இல்லை. ஒவ்வொரு பக்கத்திலும் இரு பத்திகள். லத்தீன் சொற்கள் இடத்தை மிச்சப்படுத்தச் சுருக்கக் குறிகளால் குறுக்கப்பட்டுள்ளன. எழுத்தர்கள் பழகிய அந்தக் குறிகளுக்கும் தனித்தனி ஈய எழுத்துகள் வார்க்க வேண்டியிருந்தது. வண்ண முதலெழுத்துகளைப் பின்னர் கையால் தீட்டிக்கொண்டார்கள்.

ஸ்ட்ராஸ்பூர்கில் யோஹான் மென்டலினும் இதே பிரிவைத் தேதி குறிக்காமல் வெளியிட்டார். அது ஷோஃபருடையதற்கும் முந்தியது என்பது ஆய்வாளர் கணிப்பு. எப்படியும் ஷோஃபர் விற்பனையில் சளைக்கவில்லை. 1470 வாக்கில் அவர் அச்சிட்ட ஒற்றைத் தாள் விளம்பரத்தில் இந்நூல் இடம்பெற்றுள்ளது. சங்கீதப் புத்தகத்தின் பெரிய எழுத்தில் ஒரு வரியும் மாதிரிக்காக அதே தாளில் உண்டு. 1471-இல் இரண்டாம் பகுதியின் முதல் பிரிவையும் அவரே வெளியிட்டார். பெருநூல் முழுவதும் ஒரே பதிப்பாக வந்தது 1485-இல், பாசல் நகரில்.