வேலையை மாற்றும் அதிசய "சிப்"!

கைக்கடிகாரத்தில் உள்ள "சிப்" மணி காட்டும். அதற்கு வேறு வேலை தெரியாது. தொழிற்சாலையில் செய்யும்போதே அதன் வேலை முடிவாகிவிட்டது.

வேலையை மாற்றிக்கொள்ளும் சிப் ஒன்றும் உண்டு. இன்று கேமரா படத்தைச் சீர்செய்யும். நாளை அதையே ரேடியோ அலைகளைப் பிரிக்கச் சொல்லலாம்!

அதன் பெயர் "எப்.பி.ஜி.ஏ." அமெரிக்காவின் சைலிங்ஸ் கம்பெனி 1985-ல் அதைக் கொண்டுவந்தது. முதல் சிப்பில் இருந்தவை 64 சிறு கட்டங்களே. கட்டங்களுக்கு இடையே கம்பிகள். எந்தக் கம்பியை எதனுடன் இணைப்பது என்பதை 0, 1 என்ற குறிகளின் வரிசை முடிவு செய்கிறது. வரிசையை மாற்றினால் வேலையும் மாறிவிடும்.

கெட்டிக்காரக் கம்பைலர்

இதற்கு "வெரிலாக்" போன்ற தனி மொழியில் மின்சுற்றை எழுத வேண்டும். அது எல்லோருக்கும் வராது. "சி" என்ற கம்ப்யூட்டர் மொழி தெரிந்தவர்களோ ஏராளம். "சி"யில் எழுதியதை மின்சுற்றாக மாற்றிக் கொடுக்கும் புரோகிராம்தான் "கம்பைலர்."

அது எப்படி வேலை செய்கிறது?

4 எண்களைக் கூட்ட வேண்டும். ஒருவரே கூட்டினால் 3 தடவை கூட்ட வேண்டும். 2 பேர் இருந்தால்? ஆளுக்கு 2 எண்களை ஒரே நேரத்தில் கூட்டிவிடுவார்கள். பிறகு இரண்டு விடைகளையும் கூட்டினால் போதும். 2 தடவையில் வேலை முடிந்தது! எந்த வேலைகளை ஒரே நேரத்தில் செய்யலாம், எத்தனை "ஆள்" வேண்டும் என்று கம்பைலரே கணக்குப் போடுகிறது. சிப்புக்குள் அத்தனை கூட்டல் சுற்றுகளை அமைக்கிறது.

கம்பெனிகள் கம்பைலரை விற்றன. அதன் உள்ளே இருப்பதைக் காட்டவில்லை. கனடாவின் டொரண்டோ பல்கலைக்கழகத்தார் "லெக்அப்" என்ற கம்பைலரை உருவாக்கி, 2011-ல் வெளியிட்டார்கள். ஆராய்ச்சியாளர்கள் அதைப் பிரித்துப் படிக்கலாம், திருத்தலாம். ஆனால் அது நீடிக்கவில்லை. செய்தவர்களே கம்பெனி தொடங்கினார்கள். அதை 2020-ல் மைக்ரோசிப் என்ற பெரிய கம்பெனி வாங்கிவிட்டது.

இத்தாலியில், மிலான் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் "பம்பு" இன்றும் திறந்தே இருக்கிறது. தண்ணீர் இறைக்கும் பம்பு அல்ல. இத்தாலிய மொழியில் மூங்கில்!

உடைந்தது ரகசியம்

இன்னொரு பூட்டு பாக்கி இருந்தது. கம்பைலர் வெரிலாக் வரைதான் கொண்டுவிடும். 0, 1 வரிசையில் எந்த இடம் எந்தக் கம்பிக்கு உரியது என்பது கம்பெனியின் ரகசியம்.

கிளேர் உல்ஃப், மத்தியாஸ் லாசர் என்ற இருவர் துப்பறியக் கிளம்பினார்கள். லாட்டிஸ் கம்பெனியின் "ஐஸ்-40" சிப்பை எடுத்துக்கொண்டார்கள். மின்சுற்றில் சிறு மாற்றம் செய்வார்கள். வரிசையில் எது மாறுகிறது என்று பார்ப்பார்கள். குறித்துக்கொள்வார்கள். மீண்டும் ஒரு மாற்றம். மீண்டும் ஒரு குறிப்பு.

2015-ல் ரகசியம் உடைந்தது! கம்பெனியின் சாப்ட்வேர் இல்லாமலே அந்தச் சிப்புக்கு வேலை சொல்ல முடிந்தது. கல்லூரி மாணவன்கூட முழு வழியையும் பிரித்துப் பார்த்துப் படிக்கலாம்.

பெரிய, புதுரகச் சிப்புகள் பலவற்றில் அந்தப் பூட்டு இன்னும் திறக்கவில்லை. அவற்றுக்கு "பம்பு" எழுதிக் கொடுப்பதை எடுத்துக்கொண்டு, கடைசியில் கம்பெனியின் சாப்ட்வேரிடம்தான் போகவேண்டியிருக்கிறது.